இரும்புத் துகளும் எமது கடமையும்

யூபிலி மலர்களிலே பழம்பெருமை பேசுதல் மரபு. ஸ்தாபகர்களை நினைவுகூர்தலும், அதிபர்களின் பணியைப் போற்றுதலும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளை எண்ணி மகிழ்தலும் முறையே. அவற்றை எழுத எம்மினும் தகுதியுடைய நண்பர் பலர் உளர். நாமோ இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரை மனத்திற்கொண்டு, ஒரு விஞ்ஞானப் பொருளை எடுத்துக்கொண்டோம். அப்பொருள் கண்ணுக்குப் புலப்படாத அளவினதாகிய ஓர் இரும்புத் துகள். காந்த நனோத்துணிக்கை என்பது அதன் பெயர். புற்றுநோயைக் கண்டறிவதற்கும் அதனை அழிப்பதற்கும் இத்துணிக்கை உதவும் என்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர் உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்பைப்பற்றி எமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நோயைச் சுடும் கருவியாக இத்துணிக்கை வாயிலில் நின்று தயங்குகின்றது. நோயைக் காட்டும் கருவியாகவோ ஏற்கெனவே வீட்டினுள் வந்துவிட்டது. எம்போன்ற சிறு நாடு முதலிற் பற்றவேண்டியது அந்தக் காட்டும் பயனையே என்பது எமது துணிபு.

இதனைக் கல்லூரி மலரில் ஏன் பேசவேண்டும் என்று கேட்பார் உளராயின், அவர் கோட்டையில் 138 ஆம் இலக்க பஸ் வண்டியில் ஏறி ஹோமாகம வரை ஒருமுறை சென்று வருவாராக. வழியில் மகரகமவிலே அபேக்ஷா வைத்தியசாலை இருக்கின்றது. நாட்டின் நாலா திசைகளிலுமிருந்து புற்றுநோயாளர் அங்கே வருகின்றனர். அதே வீதியில் மேலும் சென்றால், ஹோமாகமப் பகுதியிலே 2008 இல் நிறுவப்பெற்ற இலங்கை நனோதொழினுட்ப நிறுவகத்தை அடையலாம். நோயும் விஞ்ஞானமும் ஒரே பஸ் பாதையில் அமைந்துள்ளன. எமது நாட்டில் ஆண்டுதோறும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோயாளராகப் பதிவு செய்யப்படுகின்றனர். பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும், ஆண்களிடையே வாயையும் தொண்டையையும் பற்றும் புற்றுநோயும் முன்னிற்கின்றன. வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் இந்நோயின் நிழல் விழாத ஒழுங்கை ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே.

துணிக்கையின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர் ஆகும். எமது தலைமயிர் ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் தடிப்பானது. குருதியிலுள்ள செங்குழியம் ஏழாயிரம் எண்ணாயிரம் நனோமீற்றர் அகலமுடையது. நாம் பேசும் துணிக்கையின் இரும்புக் கருவோ பெரும்பாலும் பத்து முதல் இருபது நனோமீற்றர் அளவினது. அது வெறும் இரும்பன்று. காந்தக்கல்லில் உள்ள இரும்பு ஒட்சைட்டே. இவ்வளவு சிறிதானவுடன் அதன் குணம் மாறுகின்றது. வெளியே காந்தம் இருக்கும்வரை அது வலிய காந்தமாக நடக்கும். காந்தத்தை அகற்றினால் தன் காந்தத் தன்மையை உடனே மறந்துவிடும். இம்மறதியே அதன் சிறப்பு. மறவாதிருப்பின், துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குருதிக் குழாயை அடைத்துவிடுமன்றோ? இத்தகைய நுண்காந்தங்களின் நடத்தையை 1949 இல் விளக்கியவர் பிரான்சு நாட்டுப் பௌதிக அறிஞர் லூயி நீல். காந்தவியற் பணிக்காக அவர் 1970 இல் நோபெல் பரிசு பெற்றார்.

இத்துணிக்கையை உடலினுட் செலுத்தி, வெளியே ஆடலோட்டத்தால் உண்டாகும் காந்தப்புலத்தை வைத்தால், துணிக்கை அதனைப் பின்தொடர முயன்று வெப்பத்தை வெளிவிடும். புலம் செக்கனுக்கு ஓர் இலட்சம் தடவை திசை மாறும்போது அவ்வெப்பம் ஓர் இழையத்தைச் சூடாக்கப் போதுமானது. 41 முதல் 46 பாகை செல்சியசு வரையான சூட்டிலே புற்றுக் கலங்கள் நலிவடைகின்றன. கதிர்ச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் எளிதில் வசப்படுகின்றன. இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1957 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர் கில்கிறிஸ்டும் அவருடைய சகாக்களும், நிணநீர்க் கணுக்களில் இரும்பு ஒட்சைட்டுத் துகளைச் சேர்த்துச் சூடாக்கும் முறையை வெளியிட்டனர். எத்தனையோ தலைமுறை மாணவர் பரீட்சை எழுதிச் சென்றுவிட்டனர். அம்முறையோ இன்னும் சாதாரண வைத்தியசாலையின் அன்றாட வேலையாகவில்லை.

ஏன் ஆகவில்லை? ஜேர்மனியின் அனுபவம் விடை கூறும். பேர்லின் நகரில் அந்திரேயாஸ் யோர்டான் என்பாரும் பிறரும் பல்லாண்டு முயன்று, மூளைப் புற்றுக்கெனக் காந்தத் திரவம் ஒன்றை உருவாக்கினர். 2010 இல் அதற்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. மீண்டும் தோன்றிய மூளைப் புற்றுடைய 59 நோயாளரிடம் கதிர்ச் சிகிச்சையுடன் சேர்த்து நடத்திய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. நோய் மீண்டும் கண்டறியப்பட்ட நாளிலிருந்து அவர்களின் நடுத்தர வாழ்நாள் 13.4 மாதம் எனக் கணிக்கப்பட்டது. கொடிய அந்நோயில் இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் அவ்வாய்விலே ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு நோயாளர் குழு வைக்கப்படவில்லை. சிகிச்சைக்கு முன் தலைக்கு அண்மையிலுள்ள உலோகம் யாவும், பற்களிற் பொதிந்தவை உட்பட, அகற்றப்படவேண்டியிருந்தது. சிகிச்சை பெற்ற இடத்தை எம்.ஆர்.ஐ. படத்திற் பார்ப்பதும் அரிதாயிற்று. அங்கே தங்கிய இரும்பு படத்தை மறைத்தது. ஈற்றில் அத்திரவத்தை விற்ற கம்பனி 2022 இல் வங்குரோத்து நிலையை அறிவித்தது.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. ஊசி மூலம் குருதியில் ஏற்றிய துணிக்கை புற்றுக்கட்டியைத் தேடிச் சென்று சேரும் என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொறன் சானும் சகாக்களும் பத்தாண்டுக் கால ஆய்வுக் கட்டுரைகளை ஒன்று திரட்டி 2016 இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். விலங்குகளுக்கு ஏற்றப்பட்ட பலவகை நனோத்துணிக்கைகளிற் கட்டியைச் சென்றடைந்த பங்கின் இடைநிலை 0.7 சதவீதமே என்பது அவர்கள் கண்ட முடிவு. நூறு தபால் அனுப்பினால் ஒன்றுகூட முழுமையாக விலாசத்தைச் சேரவில்லை! பெரும்பாலானவற்றை ஈரலும் மண்ணீரலும் விழுங்கிவிடுகின்றன. பேர்லின் வைத்தியர்கள் திரவத்தைக் குருதியில் ஏற்றாது நேரே கட்டியினுட் செலுத்தியதன் காரணமும் இதுவே.

ஆயினும், சுடுவோர்க்குத் தடையாயிருந்த இக்குணமே காண்போர்க்குத் துணையாயிற்று. ஈரலிலுள்ள காவற் கலங்கள் இரும்புத் துணிக்கையை உண்டவுடன், எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல ஈரல் கறுத்துத் தோன்றும். புற்றுக்கட்டியில் அக்காவற் கலங்கள் இல்லாமையால் அது வெளுத்துத் தனியே தெரியும். இத்தகைய மருந்தொன்றை அமெரிக்க அரசாங்கம் 1996 இல் அனுமதித்தது. 2003 இல் ஹரிசிங்கானி என்பாரும் சகாக்களும், முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுடைய 80 நோயாளரின் நிணநீர்க் கணுக்களை இதே தத்துவத்தால் ஆராய்ந்தனர். நோய் பரவிய கணுக்களில் சாதாரண எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தவை நூற்றுக்கு 35.4, துணிக்கையின் உதவியுடன் கண்டுபிடித்தவை நூற்றுக்கு 90.5. ஆனால் வணிக உலகின் நியாயம் வேறு. முன்கூறிய ஈரல் மருந்தின் உற்பத்தி 2008 இல் நின்றது. கணுக்களை ஆராய உதவிய மருந்துக்கான ஐரோப்பிய விண்ணப்பம் 2007 இல் மீளப்பெறப்பட்டது. நல்லதென்று நிரூபிக்கப்பட்டதெல்லாம் சந்தையில் நிலைப்பதில்லை என்ற பாடத்தையும் எமது மாணவர் அறியவேண்டும்.

எமது தீவுக்கு மிக நெருங்கிய பயன் ஒன்றை இங்கே கூறுவோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர், நோய் முதலிற் பரவக்கூடிய காவற்கணுவைக் கண்டெடுத்துப் பரிசோதிப்பார். அதில் நோய் இல்லையெனின், அக்குளிலுள்ள ஏனைய கணுக்களை அகற்றவேண்டியதில்லை. கை வீங்கி ஆயுள்முழுதும் துன்புறும் நிலையிலிருந்து அப்பெண் தப்பலாம். அக்கணுவைக் காட்டப் பல நாடுகளிற் பயன்படுவது ரெக்னீசியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள். அதன் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலம். அதனைத் தரும் மொலிப்டினத்தின் அரைவாழ்வுக் காலம் 66 மணித்தியாலம். அணு உலை இல்லாத எமது நாடு மொலிப்டினத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவேண்டும். வந்து சேரும் வழியிலேயே அது தேய்ந்துகொண்டிருக்கும். இரும்புத் துணிக்கையோ தேய்வதில்லை. அதனை மார்பகத்தில் ஊசியால் ஏற்றிவிட்டுக் காந்தத்தை உணரும் கைக்கருவியாற் கணுவைத் தேடலாம். பிரித்தானியாவில் உருவான இம்முறையை அமெரிக்கா 2018 இல் அனுமதித்தது. ஊசியேற்றிய தோலிற் பழுப்புநிறக் கறை சிலகாலம் நிற்பதும், பின்னர் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் இரும்பு குறுக்கிடுவதும் இதன் குறைகள். ஆயினும் தலைநகருக்கு வெளியேயுள்ள ஒரு வைத்தியசாலைக்கு, அணுமருத்துவப் பிரிவு வரும்வரை காத்திராமற் கைக்கொள்ளத்தக்க வழி இது என்பதை எவரே மறுப்பர்?

குருதியிலும் இத்துணிக்கை தேடல் நடத்துகின்றது. துணிக்கையின் மேற்பரப்பிலே புற்றுக் கலத்தைப் பற்றும் பிறபொருளெதிரியைப் பூசி, ஏழரை மில்லிலீற்றர் குருதியிற் கலந்து, காந்தத்தால் இழுத்தால், கோடிக்கணக்கான கலங்களுக்கிடையே ஒளிந்துள்ள சில புற்றுக் கலங்கள் பிடிபடும். 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்பரிசோதனை, ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுநோயின் போக்கைக் கணிக்க உதவுவது. நலமாக இருப்பவருக்கு நோய் வருமா என்று சொல்லும் சோதிடமன்று அது. இவ்வேறுபாட்டை மறைத்து எவரேனும் விளம்பரம் செய்யின், வாசகர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இனி, எமக்கு எதிராக எழக்கூடிய இரு வாதங்களை நோக்குவோம். இத்தகைய ஆராய்ச்சி பணக்கார நாடுகளுக்கே உரியது, எமக்கு எட்டாதது என்பர் ஒரு சாரார். சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பனிரெந்தாவையிலும், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவிலும் காந்த இரும்புத் தாது உண்டு. மழைக்காற்றையே துருத்தியாகக் கொண்டு மலைச்சரிவில் இரும்பு உருக்கிய பண்டைய உலைகளைச் சமனலவாவியில் அகழ்ந்தெடுத்து, அவற்றின் செயலை 1996 இல் உலகறியச் செய்தார் கில் ஜூலெவ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. உள்நாட்டு நனோ ஆராய்ச்சியாளர், யூரியாவை மெதுவாக வெளிவிடும் உரம்பற்றி 2017 இல் வெளியிட்ட கட்டுரை வெளிநாட்டிலும் கவனம் பெற்றது. கடல் கடந்து நோக்கினும், கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் பம்பாயின் தொழினுட்பக் கழகத்திலும் காந்தத் துணிக்கையால் வெப்பமூட்டும் ஆய்வு நடைபெற்றுள்ளது. உண்மையில் ஒரு நோயாளிக்கு வேண்டிய இரும்பு சில மில்லிகிராம் முதல் சில கிராம் வரையே. எமக்குக் குறைவாக உள்ளது இரும்பன்று. அதனைத் தூய்மையாக ஆக்கவும், அளவிடவும், அஞ்சாது பரிசோதிக்கவும் பழகிய கைகளே.

சித்தர்கள் இதனை அன்றே அறிந்திருந்தனர், புதிதாகக் கற்க என்ன இருக்கின்றது என்பர் மற்றொரு சாரார். சித்த வைத்தியத்திலே காந்தச் செந்தூரமும் அயச் செந்தூரமும் உண்டு. குருதி குன்றிய பாண்டு நோய்க்கு அவை வழங்கப்பட்டு வந்துள்ளன. மேற்கு நாட்டிலும் இரும்பு ஒட்சைட்டு நனோத்துணிக்கை மருந்தொன்று 2009 இல் அனுமதி பெற்றது, சிறுநீரக நோயாளரின் குருதிக் குறைவுக்காகவே. அம்மருந்து எலிகளிற் புற்றின் வளர்ச்சியைத் தணித்தது என்று 2016 இல் ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர் கண்டனர். இவ்வொற்றுமை சிந்திக்கத்தக்கது. ஆனால் செந்தூரம் புற்றைத் தீர்க்கும் என்பதற்கு இது சான்றாகாது. மேற்கூறிய மருந்துக்கே கடும் ஒவ்வாமை நேரக்கூடும் என்ற எச்சரிக்கை 2015 இல் வலுப்படுத்தப்பட்டது. முன்னோரை மதிப்பவர் அவர்தம் மருந்தைப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டு செல்வர். மேடையிற் பெருமை பேசி விட்டுவிடமாட்டார். இந்து சமயச் சூழலில் வளரும் எமது மாணவருக்கு இந்நேர்மை இன்றியமையாதது.

இவ்வளவும் கூறியபின் ஓர் எளிய உண்மையைச் சொல்லாது விடுதல் தகாது. வைத்தியரிடம் வராத நோயாளியை எந்தத் துணிக்கையும் கண்டுபிடியாது. எமது சமூகத்திலே இந்நோயின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல அஞ்சுகின்றோம். கல்யாணப் பேச்சுக் குழம்பும் என்று தாயின் கட்டியை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. வாயில் ஆறாத புண்ணை வெற்றிலைச் சுண்ணாம்பின் மேற் பழிபோட்டு மாதக்கணக்கிற் பொறுத்திருப்போரும் உண்டு. பாக்குத் தானே புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் முடிவு கூறியும், தட்டத்தில் தாம்பூலம் வைத்து உபசரிக்கும் எமது கை தயங்கவில்லை. நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரசாங்க நிலையம் இலவசமாகப் பணிபுரிகின்றது. வெள்ளவத்தையிலிருந்து அங்கே செல்ல அதிக நேரம் ஆகாது. பெண்களுக்கான நல்வாழ்வுக் கிளினிக்குகள் 1996 முதல் நாடெங்கும் நடைபெறுகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்கு இடப்படுகின்றது. அருகிலுள்ள இவற்றைப் பயன்படுத்தாத நாம், பேர்லினில் என்ன நடக்கின்றது என்று வியப்பதிற் பொருளில்லை.

ஆதலின் யூபிலியை முன்னிட்டு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். முதலாவது ஆசிரியர்களுக்கு. பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் மூன்று தனிப் பாத்திகளாகப் பயிரிடப்படுகின்றன. இத்துணிக்கை மூன்றையும் ஒரே பாத்தியிற் சேர்க்கின்றது. பெரசுக் குளோரைட்டு ஒரு பங்கும் பெரிக்குக் குளோரைட்டு இரு பங்கும் கரைத்து, அமோனியாக் கரைசல் சேர்த்தால், கரிய வீழ்படிவு தோன்றும். குவளையின் வெளியே காந்தத்தைப் பிடித்தால் அது நகர்ந்து வரும். பிரான்சு நாட்டு மசார் என்பார் 1981 இல் வெளியிட்ட முறையின் எளிய வடிவம் இது. ஆசிரியரின் மேற்பார்வையில் எமது ஆய்வுகூடத்திலேயே செய்துகாட்டலாம். நூறு பக்கப் பாடக்குறிப்பு எழுப்பாத கேள்வியை அந்தக் கருந்துளி ஒரு மாணவன் மனத்தில் எழுப்பும்.

இரண்டாவது மாணவர்களுக்கு. வைத்தியராதல், பொறியியலாளராதல் என்னும் இரு வாயில்களை மட்டுமே பெற்றோர் காட்டுவர். அவ்விரு வாயில்களுக்கும் இடையே ஒரு சுவருண்டு. இத்துணிக்கை போன்றவை பிறக்கும் இடம் அச்சுவரே. காந்தப்புலத்தைக் கணிக்கத் தெரிந்தவனும், கலத்தின் இயல்பை அறிந்தவனும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இவ்வேலை நடவாது. அம்மேசையில் ஓரிடம் எமது கல்லூரி மாணவனுக்கும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகின்றோம்.

மூன்றாவது பழைய மாணவர்களாகிய எமக்கே. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை, நாட்டின் தெற்கிலிருந்து வடக்கிற்கு, இன மத பேதமின்றி மக்கள் நடந்து நிதி திரட்டினர். அதன் பயனாய்த் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பெற்றது. அந்நடையோடு ஒப்பிடின் நாம் செய்யவேண்டியது மிகச் சிறிது. யூபிலி நிதியில் ஒரு பகுதியை வளைவுக்கும் சலவைக்கல்லுக்கும் கொடாது, விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் கொடுப்போம். எம்முள் வைத்தியராயுள்ளோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆண்டுக்கொரு முறையேனும் கூடி, நோயின் முன்னறிகுறிகளைத் தெளிந்த தமிழிற் பேசுவாராக. அற்புதச் சிகிச்சை என்ற விளம்பரத்தை நம்பிக் காணியை விற்றுக் கடல்கடக்க எண்ணும் குடும்பத்துக்கு, கேட்கவேண்டிய கேள்விகள் எவை என்று சொல்லிக்கொடுப்போம். எத்தனை நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டது? ஒப்பிட்டுப் பார்த்தது யாருடன்? எந்த நாடு அனுமதித்தது? இம்மூன்று கேள்விகள் ஒரு வீட்டைக் காப்பாற்றக்கூடும்.

காந்தத் துணிக்கை நாளை நோயைச் சுட்டெரிக்கும் ஆயுதமாக வளருமாயின் மகிழ்வோரில் நாமும் இருப்போம். அந்நாள் வரும்வரை, காட்டும் விளக்கைக் கையிலெடுப்போம். காட்டியதைக் காணக் கண்ணைத் திறந்து வைத்திருப்போம். அடுத்த யூபிலி மலரில் இப்பொருளைப்பற்றி எழுதுபவர், தம் ஆய்வுகூடத்தில் தாமே செய்த துணிக்கையைப்பற்றி எழுதும் பழைய மாணவராக இருப்பாராக.